விடுதியில் இருக்கும் நம் பிள்ளை



கல்பாக்கம் அணுசக்தித் துறை ஊழியர்கள் வாழும் அணுபுரத்திற்குக் கிழக்கே, கடலோரமாகச் செல்கிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. வடக்கே மாமல்லபுரம், தெற்கே புதுச்சேரி. தமிழகத்தில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கலாகாது. புதுச்சேரியிலோ 18 வயதே போதும். செங்கற்பட்டு வட்டாரக் கல்லூரிகளில் பயிலும் மாணவனுக்கு இம்மூன்றாண்டு வேறுபாடு ஒரு பேருந்துப் பயணத்தில் கரைந்து போகிறது.

மது ஹராம் என்பதை நம் வீட்டுப் பிள்ளை அறியாதவன் அல்லன், மக்தபில் ஓதியவன்தான். பின் ஏன் சில மாணவர்கள் மயங்கி விழுமளவுக்குக் குடிக்கின்றனர்?

சுவைக்காக அன்று. முதன்முதல் பருகுபவனுக்கு அது கசப்பே. தனித்து விடப்படுவோமோ என்னும் அச்சமே அவனைத் தள்ளுகிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவரை ஆராய்ந்து பிரென்டிஸ், மில்லர் என்னும் உளவியலறிஞர் இருவர் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குடியைப் பற்றித் தமக்குள்ள மனக்கூச்சம் பிறருக்கு இல்லை என்றே மாணவர் பலரும் எண்ணியிருந்தனராம். இல்லாத ஒரு கூட்டத்திற்கு அஞ்சிக் கோப்பையை ஏந்துகிறார்கள்! என்னே பேதைமை!

மறைத்துக் குடிப்பவன் விரைந்து குடிக்கிறான். மிச்சம் வைக்க இடமில்லை. விடுதிக் காப்பாளர் வருமுன் புட்டி காலியாக வேண்டும். ஈரலோ ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு சிறு கோப்பை அளவையே செரித்து அகற்றும். குடிப்பதை நிறுத்திய பின்னும் இரத்தத்தில் மதுவின் அளவு சிறிது நேரம் ஏறிக்கொண்டே இருக்கும். "தூங்கினால் தெளிந்துவிடும்" என்று தோழர்கள் படுக்க வைத்துவிட்டுப் போகிறார்கள். மல்லாந்து கிடப்பவன் வாந்தியெடுத்தால் அதுவே மூச்சை அடைத்து உயிரைப் பறித்துவிடக்கூடும்.

பெற்றோரே, இங்கேதான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த நள்ளிரவில் உங்கள் பிள்ளை உங்களை அழைப்பானா? "வாப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றே விடுவார்" என்று அஞ்சி, தோழர்களையும் தடுப்பானா?

மது ஒரே நாளில் விலக்கப்படவில்லை. அதில் நன்மையினும் தீமை மிகுதி என்று முதலில் உணர்த்தப்பட்டது. பின்னர் போதையில் தொழுகையை நெருங்கலாகாது என்றாயிற்று. அதன் பின்னரே முற்றாக விலக்கப்பட்டது. குடித்ததற்காகப் பன்முறை தண்டிக்கப்பட்ட ஒருவரை மற்றொருவர் சபித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று எடுத்துரைத்தார்கள். (இது புகாரியில் பதிவாகியுள்ளது.) தண்டனை நீங்கவில்லை; எனினும் சாபத்திற்கு இடமளிக்கப்படவில்லை.

ஆகவே, அடுத்த முறை பிள்ளை விடுமுறைக்கு வரும்போது ஹராம் என்பதைச் சொல்லுங்கள். உடன் இதையும் சொல்லுங்கள்: உன் அறையில் எவனேனும் எழுப்பியும் எழாது கிடந்தால், அவனை ஒருக்களித்துப் படுக்க வை, தனியே விட்டு அகலாதே, உடனே 108-ஐ அழை, பிறகு என்னை அழை. அது நீயாகவே இருந்தாலும், உன் தோழன் என்னை அழைக்கட்டும். நான் வருவேன்.