நரம்பில் ஏது அந்நியம்?

கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றில், திருவிழாத் திருப்பலிக்கு இளைஞன் ஒருவன் கிதாரோடு வந்தான். பெரியவர்கள் தடுத்தார்கள். “ராக் கூத்தாடிகளின் கருவி, நம் பண்பாட்டுக்கு ஆகாது” என்றார்கள். நாம் இதை ஏற்பதற்கில்லை.

பாடகர் குழுவின் வயலினும் ஆர்மோனியமும் மட்டும் நம் மலையில் விளைந்தவையா? ஐரோப்பியரின் வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்குள் கொணர்ந்தவர் பாலுசுவாமி தீட்சிதர். ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் தடைசெய்தது. 1971இல்தான் தடையைத் தளர்த்தத் தொடங்கியது. நேற்றைய அந்நியம் இன்றைய மரபு!

கிதாரின் கதையும் இதுவே. ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பற்பொறியியல் பயின்றவர். ராக்கும் கருநாடக இசையும் கைவந்தவர். மின்கிதாரின் நரம்பை இழுத்தும் விரலை வழுக்கியும் கமகங்களை எழுப்பினார். 2006இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ஓர் இசைத்தொகுப்பையே வெளியிட்டார்.

அந்த ஹென்ட்ரிக்ஸ் 1967இல் அமெரிக்காவின் மான்டரே விழாவில் கிதாரை எரித்ததையும், 1970இல் 27 வயதில் மடிந்ததையும் சொல்லியே நம்மவர் பிள்ளைகளை அச்சுறுத்துகின்றனர். அவருடைய வீழ்ச்சிக்கு ஆறு நரம்புகளா பொறுப்பு? பிரசன்னா அவரிடம் கொண்டது நெருப்பையன்று, நாதத்தை.

“ஆலயத்துள் எல்லா ஓசையும் ஆகுமா?” என்பீர்கள். ஆகாது. செபத்தை விழுங்கும் ஓசை எக்கருவியில் எழுந்தாலும் தவறே. ஆர்மோனியத்துக்கும் அதே சட்டம். அளவைக் கேட்போம், பிறப்பைக் கேளோம். மனிதரிடம் பிறப்பைக் கேட்டு வாசலில் நிறுத்துவதைப் பாவம் என்று போதிக்கும் நாம், கருவியிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

அந்த இளைஞன் இன்று ஆலயத்துக்கு வெளியே வாசிக்கிறான். கதவை அடைத்தவர்கள் நாம்; திறக்க வேண்டியவர்களும் நாமே.