மழையில் மங்கும் செயற்கைக்கோள் சமிக்ஞை: ஆண்டு சராசரி மறைக்கும் உண்மை

பெங்களூரு: சிவாஜிநகரின் மொட்டை மாடிகளில் நிற்கும் டிடிஎச் ஆண்டெனாக்களுக்கு மழைக்காலம் சோதனைக் காலமாகும். மாலை இடிமழை வலுத்தால் தொலைக்காட்சித் திரை உறைந்துபோவதும், மழை தணிந்ததும் படம் மீள்வதும் மக்களுக்குப் பழகிவிட்டன. ஆனால், இணையச் சேவையும் பேரிடர் காலத் தொடர்பும் செயற்கைக்கோளை நாடும் சூழலில், அந்தச் சில நிமிடத் தடையை இனி எளிதாகக் கடந்துவிட முடியாது.

தடைக்குக் காரணம் என்ன?

மழைத்துளிகள் நுண்ணலைகளை உறிஞ்சி, சிதறடிக்கின்றன. அலைநீளம் குறையும்போது இழப்பு கூடுகிறது. 4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான சி பேண்டில் அலைநீளம் சுமார் 7.5 செ.மீ. என்பதால், சில மி.மீ. விட்டமுள்ள துளிகளால் பெரும் பாதிப்பு இல்லை. டிடிஎச் பயன்படுத்தும் கேயு பேண்டில் இது சுமார் 2.5 செ.மீ. ஆகவும், கேஏ பேண்டின் 30 கிகாஹெர்ட்ஸில் 1 செ.மீ. ஆகவும் சுருங்குகிறது.

எனினும், அதிகத் தரவைக் கொண்டுசெல்லும் இடம் உயர் அலைவரிசைகளில்தான் உள்ளது. 2024 நவம்பர் 19 அன்று விண்ணில் செலுத்தப்பட்ட இந்தியாவின் ஜிசாட்-என்2, 32 கற்றைகள் மூலம் வினாடிக்கு 48 ஜிகாபிட் திறனை கேஏ பேண்டிலேயே வழங்குகிறது.

ஈடு செய்யும் மூன்று வழிகள்

முதலாவது, மழையின்போது தரைநிலையம் தனது ஒலிபரப்புத் திறனை உயர்த்துவது. இது மேலேறும் சமிக்ஞைக்கு மட்டுமே உதவும். பெருக்கியின் உச்ச அளவைத் தாண்ட இயலாது.

இரண்டாவது, தொலைவில் அமைந்த மற்றொரு தரைநிலையத்துக்கு இணைப்பை மாற்றுவது. கனமழைத் திரள் பெரும்பாலும் சில கிலோமீட்டர் பரப்புக்குள் அடங்குவதால், ஓரிடத்தில் கொட்டும்போது மற்றோரிடம் தெளிவாக இருக்க வாய்ப்புண்டு.

மூன்றாவது, சமிக்ஞையின் தரத்துக்கேற்பக் குறியீட்டு முறையை நொடிக்கு நொடி மாற்றுவது. டிவிபி-எஸ்2 தரநிலை இதற்கு இடமளிக்கிறது. இணைப்பு அறுபடாது, ஆனால் வேகம் குறையும்.

சிவாஜிநகரில் ஒரு கடையோ வீடோ இரண்டாவது ஆண்டெனாவைப் பல கிலோமீட்டர் தள்ளி நிறுவ முடியாது. எனவே, இரண்டாவது வழி நிறுவனங்களின் தரைநிலையங்களுக்கே பொருந்தும். பயனருக்கு எஞ்சுவது பெரும்பாலும் வேகத்தை விட்டுக்கொடுக்கும் மூன்றாவது வழியே.

எஞ்சும் கேள்வி

ஆண்டில் 99.5 சதவீத நேரம் சேவை கிடைக்கும் என்ற உறுதி நிறைவளிப்பதாகத் தோன்றலாம். மீதமுள்ள 0.5 சதவீதம் என்பது சுமார் 44 மணி நேரம். அது ஆண்டு முழுவதும் சீராகப் பரவுவதில்லை. கனமழை மாலைகளில் குவிகிறது. 2024 ஜூன் 2 அன்று பெங்களூருவில் ஒரே நாளில் 111.1 மி.மீ. மழை பதிவானது. இத்தகைய நாள்களில்தான் மின்தடையும் கேபிள் பழுதும் சேர்ந்துகொண்டு, செயற்கைக்கோளின் தேவை உச்சத்தை எட்டுகிறது.

மழையை வெல்லும் தொழில்நுட்பம் இல்லை. இழப்பைப் பங்கிட்டுச் சமாளிக்கும் தொழில்நுட்பமே உள்ளது. ஆகவே, ஆண்டு சராசரியுடன், கனமழையின்போது கிடைக்கும் குறைந்தபட்ச வேகத்தையும் நிறுவனங்கள் தனியே அறிவிப்பதே நுகர்வோருக்கு நேர்மையான அளவுகோலாக அமையும்.