கொடுத்த கையே பறிக்கலாமா?

வேலை இழந்தவருக்கு அரசு ஓர் உதவித்தொகை வழங்குகிறது. அது கருணையா, கடமையா என்று வாதிட்டோர் பலர். வழங்கிய அத்தொகைக்கே ஆண்டிறுதியில் வரி கேட்பது எவ்வகை அறம் என்று வினவியோர் சிலரே. அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரிச்சட்டம் இவ்வினாவுக்கு நேர்மையான விடை கூறாமல் நெடுங்காலமாக நழுவி வருகிறது.

அந்நாட்டில் வேலையில்லாதோர் காப்புத் திட்டம் 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தால் வேரூன்றியது. அத்தொகைக்கு வரியில்லை என்று 1938இல் வரித்துறை முடிவு செய்தது. நாற்பது ஆண்டுகள் அம்முடிவே நிலைத்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மாற்றியது. வருமானம் 20,000 டாலரைத் தாண்டிய தனியாளும் 25,000 டாலரைத் தாண்டிய தம்பதியரும் உதவித்தொகையில் ஒரு பகுதிக்கு வரி செலுத்த வேண்டும் என்றது. 1982இல் இவ்வரம்புகள் 12,000 டாலர், 18,000 டாலர் எனக் குறைக்கப்பட்டன. 1986ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பையே அகற்றியது. 1987 முதல் முழுத்தொகையும் வரிக்குரியதாயிற்று. வசதி படைத்தவருக்கென்று விரித்த வலை, எட்டே ஆண்டுகளில் ஏழையையும் வளைத்துக்கொண்டது!

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். மணமாகாத தொழிலாளி ஒருவர் 2019இன் முற்பாதியில் உழைத்து 20,000 டாலர் ஊதியம் பெற்றார் என்று கொள்வோம். பிற்பாதியில் வேலை போயிற்று. வாரம் 400 டாலராக 26 வாரம் உதவித்தொகை பெற்றார். ஊதியத்திலிருந்து முன்னரே பிடிக்கப்பட்ட கூட்டரசு வரி ஏறத்தாழ 1,570 டாலர். உதவித்தொகைக்கு வரி இல்லையாயின், அவர் செலுத்த வேண்டியது 780 டாலரே; எஞ்சிய 790 டாலர் அவருக்கே திரும்பி வந்திருக்கும். உதவித்தொகையும் வருமானத்தில் சேர்ந்ததால் வரி 1,990 டாலராக உயர்கிறது. திரும்பி வரவேண்டிய பணம் மறைந்து, 420 டாலர் கடனாக அவர் தலையில் விழுகிறது. வாடகைக்கும் உணவுக்கும் செலவிட்ட பணத்திற்கு வரி செலுத்த, வேலையற்றவர் எங்கே போவார்?

‘முன்னரே வரியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாமே’ என்பர் சிலர். ஊதியத்தில் வரிப்பிடித்தம் தானாக நடைபெறுகிறது. உதவித்தொகையிலோ பெறுபவர் விரும்பிக் கேட்டால்தான் நடைபெறும். அதுவும் நூற்றுக்குப் பத்து என்ற ஒரே அளவில். மேற்கண்ட தொழிலாளி அவ்வாறு கேட்டிருந்தாலும் 1,040 டாலரே பிடிக்கப்பட்டிருக்கும். உதவித்தொகையால் கூடிய வரியோ 1,210 டாலர்! வரி கொள்ளும் முறைபற்றிப் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு உரைத்ததைத் தமிழ் மாணவர் அறிவர். நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே புகுந்தால் தின்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி. ஆண்டிறுதியில் திடீரென வந்து நிற்கும் வரி, வயலில் புகுந்த யானையன்றி வேறென்ன?

வரியை ஆதரிப்போர் இரு காரணம் கூறுவர். உதவித்தொகைக்கு வரி இல்லையாயின் மக்கள் வேலை தேடத் தயங்குவர் என்பது ஒன்று. மார்ட்டின் பெல்ட்ஸ்டீன் போன்ற பொருளியலறிஞர்கள் 1970களில் இதனை வலியுறுத்தினர். ஆனால் 2020 ஏப்ரல் மாதத்தில் மட்டும் அந்நாட்டில் 2 கோடிக்கும் மேற்பட்ட வேலைகள் மறைந்தன. அவை சோம்பலால் மறைந்தனவா? நோய்த்தொற்றுக்கு அஞ்சி மூடப்பட்ட கடைகளின் முன் நின்று எவ்வேலையைத் தேடுவது?

சம வருமானத்திற்குச் சம வரி என்பது மற்றொன்று. கேட்பதற்கு இனிய கொள்கைதான். ஆனால் சட்டமே அதனைப் பின்பற்றவில்லை. குறைந்த ஊதியம் பெறும் உழைப்பாளர்க்கு அந்நாட்டில் ஒரு வரிச்சலுகை உண்டு. ஏழைக் குடும்பங்கள் ஆண்டுதோறும் எதிர்பார்த்திருக்கும் பணம் அது. அச்சலுகையைப் பெறுவதற்கு உதவித்தொகை ‘உழைத்து ஈட்டிய வருமானம்’ ஆகாது. சலுகையைக் குறைப்பதற்கு மட்டும் அது வருமானமாகிவிடும்! வாங்கும்போது வருமானம், வழங்கும்போது வருமானமன்று. இரட்டை நாக்குக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

இவ்வரி கொடிது என்பதைச் சட்டமே இருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டுக்கு முதல் 2,400 டாலர் விலக்கப்பட்டது. 2021 மார்ச் 11இல் இயற்றிய சட்டம், 150,000 டாலருக்குக் குறைந்த வருமானமுடையோர்க்கு 2020இல் பெற்ற தொகையில் 10,200 டாலர் வரை விலக்களித்தது. அதற்குள் பலர் கணக்கை ஒப்படைத்து வரியும் செலுத்திவிட்டிருந்தனர். கூடுதலாகப் பெற்ற வரியை மே மாதம் முதல் வரித்துறை திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஆனால் 2021இல் வேலையின்றித் தவித்தோர்க்கு அவ்விலக்கு இல்லை. நோய் அதே நோய்; பசி அதே பசி; நாட்காட்டி மட்டுமே மாறியது. நாட்காட்டியா நீதியை அளக்கும் கோல்?

செல்வர் வீட்டில் ஒருவர் உதவித்தொகை பெற்றால் அவரும் விலக்குப் பெறலாமா என்ற வினா முறையானதே. அதற்கு விடை 1978ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. வருமான வரம்பை மீண்டும் நிறுவி, விலைவாசிக்கேற்ப அதனை உயர்த்த வேண்டும். வரம்பைக் கடந்தவரிடம் வாரந்தோறும் உரிய அளவில் பிடித்தம் செய்தால் இறுதியில் அதிர்ச்சி இராது. கலிபோர்னியா, நியூஜெர்சி, பென்சில்வேனியா ஆகிய மாநிலங்கள் இத்தொகைக்கு மாநில வரி விதிப்பதில்லை. அதனால் அவற்றின் அரசு கவிழ்ந்துவிடவில்லை.

விழுந்தவனைத் தூக்கிவிட நீட்டிய கை, அவன் எழுந்து நிற்கும் முன்னரே அவன் மடியைத் தடவலாகாது. அவ்வாறு தடவும் கையை, உதவும் கை என்று உலகம் ஒருநாளும் ஒப்பாது.