திருத்தப்படாத ஒரு பக்கம்



ஒவ்வோர் ஆண்டும் திசம்பர் மாத இறுதியில், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் உள்ள கடைகளில் நாள்காட்டிகளோடு நாட்குறிப்பேடுகளும் வந்து இறங்கும். நம்மில் பலர் ஆசையோடு ஒன்றை வாங்குகிறோம். முதல் பக்கத்தில் பெயரை அழகாக எழுதுகிறோம். சனவரி முதல் நாள் ஒரு பக்கம் நிறைகிறது. இரண்டாம் நாள் அரைப் பக்கம். தைப்பூசம் வருவதற்குள் அந்த ஏடு மளிகைக் கணக்கு எழுதவோ, பிள்ளைகள் படம் வரையவோ போய்விடுகிறது. என் வீட்டு அலமாரியிலும் இப்படிப்பட்ட ஏடுகள் சில இருந்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்குச் சோம்பலே காரணம் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. நமக்கு எழுதத் தெரியும். யாரோ ஒருவர் படித்து மதிப்பிடுவார் என்ற அச்சமின்றி எழுதத்தான் தெரியவில்லை. நாட்குறிப்பு மனத்தைத் தெளிவிக்க வேண்டுமானால், அதனைப் பிறர் பார்வையிலிருந்து, குறிப்பாக நம் சிவப்பு மையிலிருந்து, விடுவிக்க வேண்டும். இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்.

நான் செய்த பிழை

பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடப்பிலிருந்த காலம். (அத்தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது.) மறு ஆண்டு அத்தேர்வை எழுதவிருந்த ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு, வாரம் ஒரு நாட்குறிப்பு எழுதிவரும்படி பணித்திருந்தேன். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: மருத்துவமனைக்குச் சென்ற பாட்டி திரும்பி வரவில்லை, வீட்டில் யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை, இரவில் அவள் பாட்டியின் போர்வையை எடுத்து, 'போர்வையை போர்த்திக்கொண்டு' படுத்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விடுபட்ட 'ப்' என்னும் ஒற்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டுச் சேர்த்தேன். பக்கத்தின் அடியில், "வலிமிகும் இடங்களை மீள்பார்வை செய்க" என்று எழுதி, நாளிட்டுக் கையொப்பமும் இட்டேன். அன்று திருத்த வேண்டிய ஏடுகள் முப்பதுக்கு மேல். அடுத்த ஏட்டை எடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் எழுதியது: "காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். பள்ளிக்குச் சென்றேன்." ஒரு பிழையும் இல்லை. 'நன்று' என்று எழுதிக் கொடுத்தேன்.

வலி மிகுந்த இடம் எது என்பது எனக்கு உறைக்க நெடுங்காலம் ஆயிற்று. அந்தக் குழந்தை தன் மனத்தைத் திறந்து காட்டியது. நான் அதில் எழுத்துப்பிழையைப் பார்த்தேன். அவள் கற்றுக்கொண்ட பாடம் ஒற்று மிகுதல் அன்று. உண்மையை எழுதினால் வட்டமிடுவார்கள் என்பதுதான்.

நாம் மட்டும் உண்மையை எழுதுகிறோமா?

ஆசிரியர்களாகிய நாமும் நாள் தவறாமல் எழுதுகிறோம். நாள் பாடத்திட்டத்தின் அடியில் 'சிந்தனை மீட்சி' என்றொரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுதுகிறோம்? "30 மாணவர்களில் 25 பேர் நோக்கத்தை அடைந்தனர். எஞ்சியோருக்குக் குறைநீக்கல் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது." எண்ணை மட்டும் மாற்றி ஆண்டு முழுவதும் இதையே எழுதியோர் நம்மில் உண்டு, நானும் எழுதியிருக்கிறேன். சிந்தனையை மீட்க வேண்டிய இடத்தில் மேற்பார்வைக்கு வருவோரின் கண்களை நிறைவு செய்கிறோம். அன்று வகுப்பில் ஏன் குரலை உயர்த்தினோம், எந்தப் பிள்ளை வாய் திறக்கவே இல்லை, பாடம் எந்த இடத்தில் நம் கையைவிட்டு நழுவியது என்பன அக்கட்டத்தில் இடம்பெறுவதில்லை.

அலுவல் ஆவணத்தில் அவற்றை எழுத இயலாது என்பது உண்மை. அதனால்தான் வேறோர் ஏடு தேவைப்படுகிறது என்கிறேன்.

தமிழில் எழுதிய ஒருவர்

நாட்குறிப்பு மேனாட்டார் பழக்கம், நமக்கு அது ஒட்டாது என்று கூறுவோர் உளர். அவர்கள் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை நினைவுகூர வேண்டும். 1709-இல் பிறந்த அவர் ஒரு வணிகர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சிடம் தலைமைத் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளராகவும், பணியாற்றியவர். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761 சனவரியில் மறையும் காலம் வரையில், ஏறக்குறைய 25 ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார்.

கப்பல் வந்ததும் போனதும், சரக்கு விலையும், போர்ச் செய்தியும், ஆளுநர் சொன்னதும், தாம் மறுமொழி கூறியதும் அதில் உள்ளன. ஆளுநரின் மனைவிமீது அவருக்கிருந்த கசப்பும் உள்ளது. அரண்மனையில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை வீட்டில் ஏட்டிடம் சொல்லியிருக்கிறார். நடையோ பேச்சு வழக்குக் கலந்தது, இலக்கணம் பாராதது. நம் கையில் கிடைத்திருந்தால் பக்கத்திற்கு இருபது வட்டமாவது இட்டிருப்போம்! அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை. 1846-இல்தான் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அந்த ஏடுகளின் இருப்பை வெளிக்கொணர்ந்தார். பின்னர் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக அவை வெளிவந்தன. இன்று 18-ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றுக்கு அது முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. நாம் வரலாறு படைக்க எழுத வேண்டியதில்லை. ஆனால், ஓயாத அலுவலுக்கும் பகைக்கும் போருக்கும் நடுவில் ஒரு தமிழர் நாள்தோறும் எழுத முடிந்தது என்பது நினைவில் இருக்கட்டும்.

ஆய்வுகள் கூறுவன

மனத்தெளிவு என்பது வெறும் ஆறுதல் மொழி அன்று. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாள்கள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், தம்மை வாட்டிய நிகழ்வுகளைப் பற்றி எழுதினர். எழுதி முடித்த உடனே அவர்களுக்குக் கனத்த மனமே இருந்தது. ஆயினும், நடந்ததையும் அதனால் உற்ற உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்தை நாடிச் சென்றது குறைந்தது. பிற்காலத்தில் அவர் எழுத்துகளில் இருந்த சொற்களையே எண்ணிப் பார்த்தார். 'ஏனெனில்', 'அதனால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் நாளுக்கு நாள் மிகுந்து வந்தவர்களே கூடுதல் பயன் அடைந்திருந்தனர்.

தேர்வு அச்சம் பற்றிய ஆய்வொன்றை சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரமிரெஸ், பைலாக் இருவரும் 2011-இல் வெளியிட்டனர். தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம் தம் கவலைகளை எழுதிய மாணவர்கள், குறிப்பாக அச்சம் மிகுந்தோர், எழுதாதவர்களைவிடச் சிறப்பாகச் செய்தனர். 2018-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், படுக்கும் முன் 5 நிமிடம் மறுநாள் வேலைகளைப் பட்டியலிட்டவர்கள், முடிந்த வேலைகளைப் பட்டியலிட்டவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாக உறங்கினர். அவ்வாய்வில் பங்கேற்றோர் 57 பேரே. ஆதலால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஆயினும், மனம் சுமந்து திரிவதைத் தாளில் இறக்கி வைத்தால் சுமை குறையும் என்பதை இவ்வாய்வுகள் ஒருசேரக் காட்டுகின்றன.

ஒரே மனக்குறையை நாள்தோறும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தால் புண்ணைச் சொறிந்த கதையாகிவிடும். 'ஏன்' என்ற கேள்வியும் அதற்கொரு விடையும் சேரும்போதுதான் எழுத்து மருந்தாகிறது.

எழக்கூடிய மறுப்புகள்

"பிள்ளை என்ன எழுதுகிறது என்று பெற்றோர் பார்க்க வேண்டாமா?" என்பீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. ஒளிந்து படிக்கும் பெற்றோருக்குக் கிடைப்பது பிள்ளையின் மனம் அன்று. அடுத்த நாள் முதல் பெற்றோருக்காகவே எழுதப்படும் பொய். என் வகுப்பில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. மடித்த பக்கத்தை நான் திறக்க மாட்டேன். மடிக்காத பக்கத்தைப் படிப்பேன், திருத்த மாட்டேன். ஒன்றை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: "உனக்கு ஆபத்து என்று நான் அறிந்தால், அதை மறைத்து வைக்க மாட்டேன், உனக்கு உதவக் கூடியவரிடம் சொல்வேன்." அத்தகைய செய்தி தெரியவந்தால் ஆலோசக ஆசிரியரிடம் செல்ல வேண்டும், 15999 என்னும் 'தாலியான் காசே' அழைப்பு எண்ணும் உண்டு. நம்பிக்கை வேறு, கண்டும் காணாமல் இருப்பது வேறு.

"பிழையோடு எழுதினால் மொழி கெடாதா?" என்று தமிழ்ப்பற்று மிக்க நண்பர்கள் கேட்கின்றனர். கட்டுரை ஏட்டில் என் சிவப்பு எழுதுகோல் முன்பு போலவே ஓடுகிறது. அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் ஓர் ஏடாவது, தமிழில் பிழை செய்ய அஞ்சாமல் பேசும் இடமாகப் பிள்ளைக்கு இருக்க வேண்டும். தன் துயரத்தைச் சொல்ல ஒருமுறை பயன்பட்ட மொழியைப் பிள்ளை எளிதில் கைவிடாது. தேர்வுக்கு மட்டும் பயன்பட்ட மொழி தேர்வோடு போய்விடும்.

"நேரம் எங்கே?" கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் நொந்து வீடு சேரும் பெற்றோரிடம் ஒரு மணி நேரம் கேட்கவில்லை. பத்து நிமிடம் போதும்.

தொடங்கும் முறை

நான் நாள்தோறும் கிள்ளானிலிருந்து தலைநகருக்குக் கொமுட்டர் தொடர்வண்டியில் சென்று வருபவன். மாலையில் பிரிக்பீல்ட்சில் உள்ள சென்ட்ரல் நிலையத்தில் ஏறியதும் சிறிய ஏட்டைத் திறப்பேன். இடம் கிடைக்காத நாளில் வீட்டுக்கு வந்து, தேநீர் ஆறுவதற்குள் எழுதுவேன். மூன்றே கேள்விகள்: இன்று என் மனத்தில் நின்றது எது? அது ஏன் நின்றது? நாளை செய்ய வேண்டியது எது? ஒரு நாள் விட்டுப்போனால் அதற்காக வருந்தி இரண்டு பக்கம் எழுதுவதில்லை. அன்றைய நாளையே எழுதுகிறேன்.

ஒரு மாலை, வீட்டுப்பாடம் செய்யாத ஒரு மாணவன்மீது கொண்ட சினத்தை எழுதத் தொடங்கினேன். 'ஏனெனில்' என்று எழுதிய பின் எழுதுகோல் நகரவில்லை. காலைக் கூட்டத்தில் என்னைக் குறை கூறிவிட்டார்கள். அந்தச் சினத்தை அவன்மீது இறக்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. மறுநாள் அவனை அழைத்து மென்மையாகக் கேட்டேன். அம்மாவுக்கு இரவு வேலை. தம்பியைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. பத்து நிமிட எழுத்து இல்லையெனில் அவனை மீண்டும் நிற்க வைத்திருப்பேன்.

ஆகவே, பிள்ளைகளுக்கு ஏடு வாங்கிக் கொடுக்கும் முன் நாம் எழுதத் தொடங்குவோம். அப்பாவும் அம்மாவும் எழுதுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அறிவுரை தேவைப்படாது. பிறகு, அவர்கள் ஏட்டை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

அந்த மாணவி இன்று வளர்ந்து பெரியவளாகியிருப்பாள். பாட்டியைப் பற்றி அவள் எழுத நினைத்த மீதி என்ன என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டிய நாளில் நான் ஒற்றெழுத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் கையில் நாளை அப்படி ஒரு பக்கம் வரலாம். அப்போது சிவப்பு எழுதுகோலைச் சற்றே கீழே வையுங்கள்.

இன்றிரவு பத்து நிமிடம். எழுதுவோம்; தெளிவோம்.