வேகமா, நம்பகமா?



வீட்டில் பயனின்றிக் கிடக்கும் பழைய கணினியைக் குடும்பப் படங்களைக் காக்கும் சர்வராகவும், இணையத்தை வீடெங்கும் பகிரும் ரவுட்டராகவும் ஒருங்கே அமைக்க விழைந்த குடும்பத் தலைவர் ஒருவர், "எந்த நெட்வொர்க் கார்டை வாங்குவது?" என்று நம்மை வினவினார். கடைக்காரர் மிகுந்த வேகமுள்ளதையே பரிந்துரைத்தாராம். வேகத்தைக் கடைசியில் பாருங்கள் என்று நாம் விடையளித்தோம்.

முதற்கண், ரவுட்டருக்கு வாயில்கள் இரண்டு வேண்டும். ஒன்று இணைய நிறுவனத்தின் மோடத்தை நோக்கியது. மற்றது வீட்டுச் சுவிட்சை நோக்கியது. பழைய கணினிகளில் பெரும்பாலும் ஒரு வாயிலே உண்டு. ஆதலால் ஒற்றை வாயிற் கார்டு ஒன்றைச் சேர்த்தாலும் போதும். இரு வாயிற் கார்டு கிட்டின் இன்னும் நன்று.

அடுத்து, கார்டிலுள்ள சிப்பை நீங்கள் நிறுவும் மென்பொருள் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். இதில் நாமே இடறியதுண்டு. மலிவு கண்டு வாங்கிய கார்டொன்று அடிக்கடி இணைப்பை அறுத்துக்கொண்டே இருந்தது. நாமோ கம்பியையும் இணைய நிறுவனத்தையும் பழித்துக்கொண்டிருந்தோம். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் ஆகிய ரவுட்டர் மென்பொருள்கள் ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத்தின்மீது அமைந்தவை. அதில் இன்டெல் சிப்புள்ள கிகாபிட் கார்டுகள் நெடுங்காலமாக நற்பெயர் பெற்றுள்ளன. லினக்ஸிலோ ரியல்டெக் சிப்புகளும் பெரும்பாலும் குறையின்றி இயங்கும். வாங்குமுன் அவ்வியங்குதளத்தின் வன்பொருள் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, கணினியைத் திறந்து சிலாட்டைப் பாருங்கள். இன்டெல் ஐ350 போன்ற இரு வாயிற் கார்டு, நான்கு லேன் நீளமுடையது. முனை மூடிய ஒற்றை லேன் சிலாட்டில் அது நுழையாது. பதினாறு லேன் சிலாட்டில் எளிதாக அமரும். அலுவலகச் சர்வர்களிலிருந்து கழற்றிய கார்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் போலிகளும் உலவுவதால், திருப்பி ஏற்கும் விற்பனையாளரிடமே வாங்குவது நலம்.

இனி வேகம். ஒரு கிகாபிட் என்பது நொடிக்கு 125 மெகாபைட். 300 மெகாபிட் இணைய இணைப்புள்ள இல்லத்திற்கு அதில் மூன்றிலொரு பங்கும் செலவாகாது. 2016-இல் தரப்படுத்தப்பட்ட 2.5 கிகாபிட் முறை, பழைய கேட் 5இ கம்பியிலேயே இயங்கும். சர்வரிலிருந்து பெரிய வீடியோக்களை அடிக்கடி நகலெடுப்போருக்கு அது உதவும். ஆயின் சுவிட்சும் மறுமுனைக் கணினியும் அவ்வேகத்தை ஏற்றாக வேண்டும். செப்புக் கம்பிக்கான 10 கிகாபிட் கார்டுகளோ வெப்பம் மிகுந்தவை. காற்றோட்டமற்ற சிறு பெட்டிக்கு ஒவ்வாதவை.

அச்சிறு கார்டு நின்றால் வீடே நின்றுவிடும். மகளின் தேர்வு விண்ணப்பமும், அயல்நாட்டு மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் மாலைப் பேச்சும் அதன் வழியேதான் செல்கின்றன. ஆகவே நிலையாக உழைப்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். பழைய ரவுட்டரையும் எறிந்துவிடாமல் அலமாரியில் வைத்திருங்கள். அவசர வேளையில் அது கைகொடுக்கும்.