பர்சிலாவிடம் ராஜா கேட்டார்



தாவீது ராஜாவை யோர்தான்மட்டும் வழியனுப்ப வந்த பர்சிலாவுக்கு வயது எண்பது. தம்மோடு எருசலேமுக்கு வரும்படி ராஜா அழைத்தார். உணவின் ருசியும் பாடுகிறவர்களின் குரலும் இனித் தமக்கு எட்டுவதில்லை என்று சொல்லி, பர்சிலா தமக்குப் பதிலாகக் கிம்காமை அனுப்பினார் (2 சாமுவேல் 19). முதுமையின் தளர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகவே இப்பகுதியைப் பெரும்பாலும் பிரசங்கிக்கிறோம். என் கவனம் ராஜாவின்மேல் நிற்கிறது. அவர் முதியவரிடம் கேட்டார். வந்த பதிலை ஏற்றார். முத்தமிட்டு ஆசீர்வதித்து அனுப்பினார்.

நம் வீடுகளில் ஞாபகம் தளர்ந்த பெரியவர்களிடம் யார் எதைக் கேட்கிறோம்?

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வொன்று மதிப்பிட்டது. 1990-களில் அரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் இந்நோயை ஆராய்ந்தவர்களுக்கு, எழுத்தறிந்த நகரவாசிகளை மனத்திற்கொண்டு அமைந்த மேல்நாட்டு வினாக்கள் பயன்படவில்லை. புதியவற்றை உண்டாக்கினார்கள். சாப்பிட்டதை மறக்கிறாரா? சொந்த ஊரில் வழி தவறுகிறாரா? சொல்லியனுப்பிய செய்தியைச் சேர்க்கிறாரா? கல்யாணம் போன்ற குடும்பக் காரியங்களில் கருத்துச் சொல்கிறாரா? இந்தக் கடைசி வினா என்னைத் தைக்கிறது. கருத்துச் சொல்ல இயலாமற்போனதா, கேட்பாரற்றுப் போனதா?

தோட்டத்துச் சாளையில் மாட்டுக்குத் தட்டுப் போட்டுக்கொண்டிருந்த அப்பாருவை, மறதி தெரிந்ததும் கோவையின் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வருகிறோம். பாசத்தினால்தான். "நீங்க சும்மா உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்கிறோம். மறதி பாதி வேலையைப் பறித்தது; மீதியைப் பறிப்பது நாமே.

அதன்பின் வரும் மனச்சோர்வு கண்ணீராக வரவேண்டுமென்பதில்லை. உணவை ஒதுக்குவது, குளிக்க மறுப்பது, விடியுமுன் விழித்துக்கிடப்பது, காரணமின்றிச் சினப்பது என்று வரும். 'வயதானால் அப்படித்தான்' என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். 'விசுவாசக் குறைவு' என்போரும் நம்மிடையே உண்டு. அது கொடிய வார்த்தை. சோர்ந்தவர், தம் ஞாபகம் அனுமதிப்பதைவிடக் குறைவாகவே செய்வார். அதைக் கண்டு நாம் இன்னும் ஒரு வேலையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வோம்.

மறதிநோயைப் பெரும்பாலும் குணமாக்க முடியாது. ஆனால் அதனோடு வரும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. முதியவர்களில் மனச்சோர்வு மாத்திரமே மறதியைப்போல் தோற்றமளிப்பதும் உண்டு. தைராய்டு கோளாறும் பி12 குறைவும் அவ்வாறே. ஆகையால் ஜெபத்தோடு மருத்துவரையும் நாடுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் எண் 14416; முதியோர் உதவி எண் 14567.

அடுப்பையும் அரிவாளையும் அகற்றுங்கள், அது அவசியம். அவரை உரிக்கவும், முருங்கைக்கீரை உருவவும், துணி மடிக்கவும் விடுங்கள். மடிப்பு கோணினால் அவர் பார்க்கத் திரும்ப மடிக்காதீர்கள். இவற்றையெல்லாம் சுமக்கும் மருமகளை மறக்கவேண்டாம்; பல மாதங்களாக அவருடைய இடம் ஆராதனையில் காலியாயிருக்கக்கூடும். ஒரு ஞாயிறு காலை யாராவது அவ்வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவர் ஆலயத்துக்கு வரலாம்.

பழைய பாட்டுகள் பல பெயர்களைவிட நெடுநாள் நினைவில் தங்குகின்றன. இவ்வாரம் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குச் செல்கிறவர்கள், எந்தப் பாட்டைப் பாடலாமென்று அந்தப் பெரியவரையே கேளுங்கள். பதில் வரத் தாமதித்தால், முந்திக்கொண்டு தொடங்காமல் காத்திருங்கள்.