தென்காசிக்கு மாறியாச்சு... லாங் ரைடுக்கு யாரோடு போவது?

சென்னையில் ஞாயிறு காலை 5 மணிக்கு ஈ.சி.ஆர். பக்கம் போனால் போதும், ஏதாவது ஒரு சைக்கிள் குழு நம்மைக் கடந்து போகும். அங்கிருந்து தென்காசிக்கு மாறி வருபவர்களுக்கு அந்த வசதி இல்லை. மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் வந்த பிறகு, பெருநகரத்தை விட்டு இந்தப் பக்கம் குடிவருபவர்கள் அதிகம். அவர்களில் சைக்கிளோடு வந்தவர்களும் உண்டு. மலை, அருவி, சாரல், வயல் எல்லாம் இருக்கு. கூட ஓட்ட ஆள்தான் கிடைக்கறதில்லை.

அதனால் தனியாக ஓட்டுகிறார்கள். கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய கனரக லாரிகள் போகும் செங்கோட்டை - புளியரை சாலையில், விடியும் முன்பே, தனி ஆளாக. இதுதான் கவலை.

எதைத் தேட வேண்டும்?

நீண்ட தூர சைக்கிள் பயணத்துக்கு உலகம் முழுக்க ஒரே மாதிரியான ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் பி.ஆர்.எம். பிரான்ஸின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் இதற்கு விதிகள் வகுக்கிறது; இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா அமைப்பு நடத்துகிறது. 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. இந்த நான்கையும் ஒரே சீசனில் முடித்தால் 'சூப்பர் ராண்டோனர்'.

இது ரேஸ் இல்லை. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான். சாப்பாடு, செலவு, பஞ்சர் எல்லாம் உங்கள் பொறுப்பு. பின்னால் கார் வந்து உதவக் கூடாது. ஹெல்மெட், விளக்குகள், ஒளி பிரதிபலிக்கும் ஜாக்கெட் அவசியம். 200 கி.மீ.க்கு சராசரியாக மணிக்கு 15 கி.மீ. போனால் போதும். ஆனால் டீ குடிப்பதும் பஞ்சர் ஒட்டுவதும் அந்த நேரத்துக்குள்ளேதான்.

எங்கே போய் ஓட்டுவது?

புது ஊரில் முதல் வேலை, ஆடாக்ஸ் இந்தியா இணையதளத்தில் இருக்கும் காலண்டரைத் திறப்பது. தென்காசி என்று தேடாதீர்கள். ரயில் எங்கே போகிறதோ அந்த ஊர்களைத் தேடுங்கள். பொதிகை எக்ஸ்பிரஸ் சென்னைக்குப் போகிறது; அங்கே மெட்ராஸ் ராண்டோனர்ஸ் குழு இருக்கிறது. பாலருவி எக்ஸ்பிரஸ் கொல்லம் வழியாகக் கேரளாவுக்குள் போகிறது. தமிழ்நாட்டு காலண்டரை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். நம்ம ஊருக்குச் சென்னையைவிடக் கொல்லம் ரொம்பப் பக்கம், சுமார் 100 கி.மீ.தான். சைக்கிளை எந்த ரயிலில் ஏற்ற முடியும் என்பதை ஸ்டேஷன் பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு?

கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம் போய்த் திரும்பினால் சுமார் 80 கி.மீ. மலையை ஒட்டிய அழகான பாதை. ஆரியங்காவு, தென்மலை வழியாக புனலூர் போய் வந்தால் 120-ஐ நெருங்கும். ஏற்றமும் காடும் உள்ள பாதை என்பதால் பகலில் மட்டும், துணையோடு போங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றைக் கணக்கில் எடுங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று, ஆலங்குளம் பக்கம் போகும்போது உங்களைத் தள்ளிக்கொண்டே போகும். 'நமக்கு இவ்வளவு ஸ்பீடா?' என்று தோன்றும். திரும்பும்போதுதான் தெரியும், அந்தப் பக்கம் ஏன் இத்தனை காற்றாலை என்று. சீசன் நேரத்து சனி, ஞாயிறுகளில் குற்றாலம் சாலையைத் தவிர்ப்பதும் நல்லது.

இங்கேயே தொடங்கினால் என்ன?

எத்தனை நாள்தான் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு அலைவது? பி.ஆர்.எம். நடத்த அங்கீகாரம் வேண்டும். ஆனால் மாதம் ஒரு ஞாயிறு, ஒரே நேரம், ஒரே இடம் என்று 50 கி.மீ. ரைடு தொடங்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. நாலு பேர் வந்தால் போதும். தேதி மட்டும் மாறக் கூடாது. நேற்று குடிவந்தவருக்கும் அப்போதுதான் அது பிடிபடும்.

ஒரேயொரு வேண்டுகோள். அதை வெளியூர் ஐ.டி. ஆட்களின் குழுவாகச் சுருக்கிவிடாதீர்கள். இந்த ஊரில் சைக்கிள் புதுசு இல்லை. அரசுப் பள்ளியில் பிளஸ் 1 படிக்கும் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் தருகிறது. விலை உயர்ந்த சைக்கிள்தான் வேண்டும் என்று பி.ஆர்.எம். விதிகூடச் சொல்லவில்லை; மனித சக்தியில் ஓடினால் சரி. அந்தப் பிள்ளைகளை வீட்டில் கேட்டு, ஹெல்மெட் மாட்டி, முதல் 20 கி.மீ.க்கு அழைத்து வாருங்கள்.

2019-ல் தனி மாவட்டமான தென்காசிக்கு இன்னொன்றும் தேவை. புளியரை சாலையில் லாரி நெரிசலைக் கட்டுப்படுத்தி, ஓரத்தில் சைக்கிளுக்கு இடம் விட வேண்டும். நான்கு பேர் தனித்தனியாக ஓட்டினால் அந்தக் கோரிக்கை யார் காதிலும் விழாது. நாற்பது பேர் சேர்ந்து மனு கொடுத்தால் கலெக்டர் ஆபீஸில் கேட்டுத்தான் ஆகணும். ரைடுக்கு ஆள் சேர்க்க அந்த ஒரு காரணமே போதும்.